இடது கண்ணில் ஒரு தேன்சிட்டு

செப்டம்பர் 10, புதன்

என்னங்க,

கடிதம் என்றால் ‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்க வேண்டுமாம். எழுதிப் பார்த்தேன், யாரோ மாதிரி இருந்தீர்கள். அதனால் வாயால் கூப்பிடுகிறபடியே கூப்பிட்டுவிட்டேன்.

நாளைக்குத் தண்ணீர் டிரம்களோடு படகு உங்கள் தீவுக்குக் கிளம்பும்போது இதுவும் கூட வரும். சாமான் இறக்குகிற அந்த ஒரு மணி நேரத்துக்குள் படித்து, பதில் எழுதி, அதே படகில் கொடுத்துவிடுங்கள். நாலு மாதத்துக்கு வாரம் ஒரு கடிதம்தான் என்றபோது பழைய காலத்துக் காதலர்கள் மாதிரி இருக்கும் என்று சிரித்தேன். இரண்டே வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

இங்கே எல்லாரும் சுகம். அச்சகத்திலிருந்து ஐந்தாம் வகுப்புப் புவியியல் மெய்ப்பு வந்திருக்கிறது. முதல் பக்கத்திலேயே கிழக்கையும் மேற்கையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். வாலு சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கீழ்வீட்டு அக்காவின் செருப்புகளை ஒவ்வொன்றாக மாடிக்குக் கொண்டு வருகிறாள். மூன்றரை வயதுக்கு அது போதும்.

நீங்கள் அங்கே கடற்பறவைகளை எண்ணுகிறீர்கள். எனக்கு ஒரே ஒரு பறவை என்னவென்று தெரிய வேண்டும். பால்கனியில் இருக்கும் செம்பருத்திக்குக் காலையில் வருகிறது. என் கட்டைவிரல் அளவு. வளைந்த, ஊசி மாதிரி அலகு. தலைகீழாகத் தொங்கிப் பூவுக்குள் குத்துகிறது. ஒரு நிமிடம் கறுப்பாக இருக்கிறது, அடுத்த நிமிடம் ஊதாவாக மின்னுகிறது. கூட வருவது வெறும் மஞ்சள் வயிறு.

இதை ஏன் கேட்கிறேன் என்றால், வாலுவுக்கு அது தெரியவில்லை.

கைக்கெட்டும் தூரம். “அதோ பாரு”ன்னு காட்டினால் என் விரலையே பார்க்கிறாள். பிறகு தலையை இடது பக்கம் திருப்பி, வலது கண்ணை முன்னால் கொண்டுவந்து தேடுகிறாள். இடது பக்கமாகப் பறந்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இடது தோளைத்தான் எப்போதும் கதவில் இடித்துக்கொள்கிறாள். அவளுடைய இடது கண்ணுக்குப் பார்வை இருக்கிறதா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். பத்து நாளாக மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தது.

உங்கள் ஆபீஸ் மருத்துவ அட்டையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போக ஊழியரின் கையெழுத்து வேண்டுமாம். படிவம் உள்ளே இருக்கிறது. பெருக்கல் குறி போட்ட இடத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
யாரென்று தெரியும்

*

செப்டம்பர் 11, வியாழன்

அன்புள்ள பிழைதிருத்திக்கு,

உன் கடிதத்தைப் படகுக்காரர் சட்டைக்குள் வைத்துக் கொண்டு வந்தார். “வீட்டம்மா லெட்டர், நனைஞ்சா நான் தீர்ந்தேன்” என்றார். உன்னைப் பார்க்காமலே பயப்படுகிற இரண்டாவது ஆள்.

உன் விருந்தாளி ஊதாத் தேன்சிட்டு. கறுப்பும் மின்னலுமாக இருப்பது ஆண், மஞ்சள் வயிறு பெண். இதோ உனக்குப் பாடம்: நிறத்தைத் துரத்தாதே, ஏமாற்றிவிடும். முதலில் காதால் பிடி. ‘ச்வீட் ச்வீட்’ என்று விளிம்பு தேய்ந்த ஒரு சத்தம். சத்தம் எந்தக் கிளை என்று தெரிந்த பிறகு அசைவைப் பார். அசைவுக்குப் பிறகு அலகு. நிறம் கடைசி. இங்கே என்னோடு வேலை செய்கிற பையன்கள் என்னைப் பார்த்து வியந்து போகிறார்கள், “எப்படி சார் திரும்பாமலே சொல்றீங்க” என்று. காதுதான்.

வாலு சின்னப் பெண். தேன்சிட்டு ஒரு இடத்தில் மூன்று வினாடி நிற்காது. பெரியவர்களுக்கே ஒரு வாரம் பிடிக்கும். விரல் காட்டினால் விரலைப் பார்ப்பது அந்த வயசின் குணம். கதவில் இடித்துக்கொள்வது வாலுவின் குணம்.

மூன்று நாளாகக் காற்று. கூடாரக் கயிறு இரண்டு அறுந்தது. காலிலும் கையிலும் உப்பு. மற்றபடி நலம்.

படகு கிளம்புகிறது. படிவம் அடுத்த வாரம்.

அன்புடன்,
தீவுவாசி

*

செப்டம்பர் 17, புதன்

என்னங்க,

உங்கள் பாடத்தை அப்படியே படித்தேன். காது, அசைவு, அலகு, நிறம். இப்போது சமையலறையில் இருந்தே சொல்லிவிடுவேன் வந்திருக்கிறது என்று. வெயில் மேலே ஏறின பிறகு கழுத்தில் அந்த ஊதா பற்றிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் மெய்ப்பைத் திருத்தாமலே அனுப்பி, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வாலு தானாகவே “ஊதாக் குருவி”ன்னு சொன்னாள். எனக்கு உயிரே வந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டு அக்காவிடம் ஓடினேன். அன்றைக்கு முழுக்க உங்களுக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை, பூவில் ஒன்றுமே இல்லை. “குருவி எங்கடா?”ன்னு கேட்டேன். “அதோ, ஊதா”ன்னு காட்டினாள். அங்கே இருந்தது வாடின ஒரு இலை. “இப்ப என்ன பண்ணுது?” “தலைகீழா தொங்குது.” நான் தினமும் சொன்ன வார்த்தைகளை எனக்கே திருப்பிச் சொல்கிறாள். நான் கேட்டால் என்ன சொன்னால் எனக்குச் சந்தோஷம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மனப்பாடம் பண்ணியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு நான் பேசாமல் இருந்து பார்த்தேன். காலண்டர் தாளைக் குழாயாகச் சுருட்டி, “அப்பா டெலஸ்கோப்”ன்னு கொடுத்தேன். வலது கண்ணில் வைத்தாள். பறவை நிஜமாகவே வந்திருந்தது. “கறுப்பு, குட்டியா”ன்னாள், நான் சொல்லிக்கொடுக்காத வார்த்தைகள். குழாயை இடது கண்ணுக்கு மாற்றினேன். “குருவி போயிடுச்சும்மா.” போகவில்லை. அதே பூவில்தான் இருந்தது. மறுபடி மாற்றினேன். “வந்துடுச்சு.” நாலு தடவை மாற்றினேன். நாலு தடவையும் போய் வந்தது. அவளுக்கு அது விளையாட்டு. நான் குழாயைப் பிரித்து மடித்து வைத்துவிட்டேன்.

படிவம் தொலைந்திருக்கும் என்று புதிதாக ஒன்று வைத்திருக்கிறேன்.

கயிறு அறுந்த கூடாரத்தில் படுக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி

*

செப்டம்பர் 18, வியாழன்

அன்புள்ள பிழைதிருத்திக்கு,

தேன்சிட்டை வைத்துக் கண் பரிசோதனை நடத்துகிற ஒரே டாக்டர் நீதான். ஆனால் சாட்சியைத் தவறாகப் பிடித்திருக்கிறாய். அந்த ஊதா, இறகில் பூசின சாயமில்லை. வெயில் படுகிற கோணம். நிழலில் கறுப்பு, ஒளியில் ஊதா, கொஞ்சம் திரும்பினால் பச்சை. குழந்தை ஒரு நாள் ஊதா என்பாள், மறுநாள் கறுப்பு என்பாள், இரண்டும் சரி. இன்னும் சில நாளில் ஆண் பறவையே நிறத்தை உதிர்த்துவிடும். பெட்டை மாதிரி மஞ்சளாகி, மார்பில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சும். அப்போது நீயே அதை வேறு பறவை என்று சொல்வாய். உனக்கும் கண் கெட்டுப் போச்சு என்று நான் எழுதட்டுமா?

குழாய் விஷயம். யாருக்கும் ஒரு கண்தான் பழக்கம். எனக்கும் டெலஸ்கோப்பில் வலதுதான். இடதில் வைத்தால் கண்ணிமை துடிக்கும், ஒன்றும் பிடிபடாது. பழக்கம், அவ்வளவுதான்.

கோபித்துக்கொள்ளாதே. நாள் முழுக்கப் பிழை தேடுகிற வேலை உனக்கு. பேனாவை மூடின பிறகும் தேடிக்கொண்டிருக்கிறாய். இந்தத் தடவை தேடுவது நம் பெண்ணின் முகத்தில். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். டிசம்பரில் வருகிறேன், சேர்ந்தே போவோம். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு தடவை பேர் பதிந்தால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், தனியாக உனக்கு எதற்கு அலைச்சல்.

மழை வரும்போலிருக்கிறது. பால்கனிக் குழாயடியில் வழுக்கும், பார்த்து நட.

அன்புடன்,
தீவுவாசி

*

அக்டோபர் 1, புதன்

என்னங்க,

போன வியாழன் கடல் சரியில்லை என்று படகு போகவில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு வாரமாக வைத்துப் படிக்கிறேன். ஒவ்வொரு வரியும் நியாயமாகத்தான் இருக்கிறது. உறையில் படிவம் மட்டும் இல்லை. இரண்டு படிவம் அனுப்பினேன், இரண்டும் திரும்பவில்லை.

தேன்சிட்டு நீங்கள் சொன்னபடியே மாறிவிட்டது. மினுமினுப்பெல்லாம் திட்டுத் திட்டாகப் போய், கழுத்திலிருந்து வயிறு வரை மை ஊற்றின மாதிரி ஒரு கோடு. வேறு பறவை என்று நான் நினைக்கவில்லை. அலகு அதேதான், சத்தம் அதேதான். நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்.

அதனால் பறவையை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாலு கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் உட்கார்ந்து, என் உள்ளங்கையால் அவளுடைய இடது கண்ணை மூடினேன். கவனிக்கவே இல்லை. பாட்டுப் பாடிக்கொண்டு அடுக்கினாள். கையை எடுத்து வலது கண்ணை மூடினேன். பாட்டு நின்றது. “லைட்டு ஏம்மா அணைச்சே?”ன்னு கேட்டாள். பகல் பதினொரு மணி. பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள், பிறாண்டினாள், கத்தினாள். கட்டைகள் எல்லாம் சரிந்தன. நான் எடுத்துவிட்டேன். எடுத்தபிறகும் கொஞ்ச நேரம் என்னிடம் வரவில்லை.

இதற்கு வெயில் படுகிற கோணம் என்று பதில் எழுத முடியாது.

உங்கள் அக்கா வந்திருந்தார்கள். நான் எதையும் சொல்லவில்லை. வாலு தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். “அப்படியே அவங்கப்பன். அவனும் இப்படித்தான் கோழி மாதிரி ஒரு பக்கமாப் பார்ப்பான். பந்து விளையாடப் போனா மூஞ்சியிலதான் வாங்கிட்டு வருவான்.” சொல்லிவிட்டு, “அதெல்லாம் தானா சரியாயிடுச்சு” என்றார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. நடக்கும்போது என்னை எப்போதும் உங்கள் இடது பக்கம் நிறுத்துவீர்கள். ஆசை என்று நினைத்திருந்தேன். ஜக்கின் மூக்கை டம்ளர் விளிம்பில் முட்டக் கொடுத்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவீர்கள். சுத்தம் என்று நினைத்திருந்தேன். ஐந்து வருஷம் கூட இருந்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு இடது கண் தெரியுமா?

திங்கட்கிழமை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். அட்டையோடு என்றால் உங்கள் ஆஸ்பத்திரி, இல்லையென்றால் வேறு எங்காவது. மூன்றாவது படிவம் உள்ளே.

இப்படிக்கு,
நான்

*

அக்டோபர் 2, வியாழன்

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கூட்டிக்கொண்டு போ.

படகு கிளம்புகிறது என்று எழுதலாம் என்று பார்த்தேன். கிளம்ப இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. எழுதத்தான் வரவில்லை.

*

அக்டோபர் 8, புதன்

என்னங்க,

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்பினோம். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

டாக்டரம்மா என் வயதுதான் இருக்கும். எழுத்துப் பலகையைக் காட்டவில்லை. சின்னக் குழந்தைகளுக்கென்று படம் போட்ட அட்டைகள்: வீடு, ஆப்பிள், வட்டம். வலது கண்ணில் எல்லாவற்றையும் சொன்னாள். வலதை மூடி இடதில் காட்டினபோதும் “வீடு, ஆப்பிள், வட்டம்” என்று கடகடவென்று சொன்னாள். என் நெஞ்சு குளிர்ந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்துக்கொண்டே அட்டைகளைக் கலைத்துப் போட்டார்கள். மறுபடியும் “வீடு, ஆப்பிள், வட்டம்”. “கெட்டிக்காரி. போன தடவை பார்த்ததை ஞாபகம் வெச்சுச் சொல்றா” என்றார்கள். “பெரியவங்களும் பண்ணுவாங்க இதை.”

இடது கண்ணில் பவர் மிக அதிகமாம். கண்ணில் வேறு நோய் இல்லை. ஆனால் அந்தக் கண் அனுப்புகிற மங்கல் படம் வேண்டாமென்று மூளை ஒதுக்கிவிட்டுப் பழகிவிட்டது. அப்படியே விட்டால் பிறகு கண்ணாடி போட்டாலும் அந்தக் கண் பார்க்காது. “இப்ப ஆரம்பிச்சா நல்லா வரும். ஆனா இதுல ஒவ்வொரு மாசமும் முக்கியம். ரெண்டு வயசுல வந்திருந்தா இன்னும் சுலபம்” என்றார்கள். கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதோடு, தினமும் ஆறு மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டி மறைக்க வேண்டும். பத்திலிருந்து நாலு வரை. பார்க்கிற கண்ணை நானே தினமும் மூட வேண்டும்.

ஒரு தாள் கொடுத்தார்கள், வீட்டில் நிரப்பி இருபதாம் தேதி கொண்டுவரச் சொல்லி. பிறந்த எடை, மாதம், காய்ச்சல், ஊசி எல்லாம் எழுதிவிட்டேன். ஒரு வரி மட்டும் காலி. ‘குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இக்குறை உண்டா.’ நான் திருத்தின தாள்களிலேயே ஒரு காலி இடத்தை இத்தனை நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

என் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

*

அக்டோபர் 9, வியாழன்

உனக்கு,

தெரியாது. இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், அசைவு தெரியும். முகம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒரு முறை கண்டுபிடித்தார்கள். அதற்குள் பன்னிரண்டு வயது, இனிமேல் ஒன்றும் பண்ண முடியாது என்றார்கள். அப்பா யாரிடமும் சொல்லாதே என்றார். சொல்லவில்லை.

களப்பணிக்கு இரண்டு கண்ணும் வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அதே ஆஸ்பத்திரியில் பரிசோதனை. முதலில் இடதை மூடி வலதால் படிக்கச் சொல்வார்கள். படிக்கும்போதே கடைசி வரி வரை மனப்பாடம் பண்ணிக்கொள்வேன். வலதை மூடச் சொல்லும்போது ஒப்பிப்பேன். நடுவில் ஒரு எழுத்தை வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன், நம்பும்படி இருக்க. மூன்று தடவை தேறினேன். டாக்டரம்மா சொன்ன ‘பெரியவர்கள்’ நான்தான்.

காதால் பறவை பிடிப்பது திறமை இல்லை. இடது பக்கம் எனக்கு வேறு வழியில்லை.

நீ எழுதின ஒவ்வொரு கடிதத்துக்கும் பறவையைப் பற்றிப் பதில் எழுதினேன். ஒன்றுகூடப் பொய் இல்லை. தேன்சிட்டு அப்படித்தான். அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் பேர் அங்கே பதிந்தால் அப்பாவைக் கேட்பார்கள். என்னை உட்கார வைத்துக் கலைத்துப் போட்ட அட்டையைக் காட்டுவார்கள். அதோடு தீவு இல்லை, படகு இல்லை, ஓய்வுபெறும் வரை ஒரு மேஜை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் இதுவும் அரைப் பொய்யாகிவிடும். அவளுக்கு ஒன்றரை வயதில், மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்க்கும்போது தலையைத் திருப்பினாள். அப்போதே தெரிந்தது. இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் வெளியூர் வேலைகளைக் கேட்டு வாங்க ஆரம்பித்தேன். வீட்டில் இருந்தால் பார்க்க வேண்டியிருந்தது.

அந்தக் காலி வரியில் என்ன எழுதுவதென்று நீயே முடிவு செய். எதை எழுதினாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

*

அக்டோபர் 22, புதன்

என்னங்க,

போன வாரம் நான் எழுதவில்லை. எழுத ஆரம்பித்தால் ‘இரண்டு வருஷம்’ என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. ஒரு பக்கம் முழுக்க அதையே எழுதிக் கிழித்துப் போட்டேன். இன்றைக்கும் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று நினைத்து இதைப் படிக்க வேண்டாம்.

நீங்கள் பயந்தது எனக்குப் புரிகிறது. பயம் எனக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் நான் பயந்தபோது உங்களிடம் வந்தேன். நீங்கள் பயந்தபோது என்னைப் பைத்தியக்காரி ஆக்கினீர்கள். நாலு வாரம் நான் என்னையே சந்தேகப்பட்டேன், என் கண்ணை, என் வேலையை, என் புத்தியை. பேனாவை மூடின பிறகும் பிழை தேடுகிறாள் என்று எழுதினீர்கள். உங்களுக்குத் தெரியும், பிழை இருந்தது என்று.

வாலுவைப் பற்றி. பத்து மணிக்கு ஒட்டுகிறேன். முதல் வாரம் கால், கை, பல் எல்லாவற்றாலும் சண்டை போட்டாள். கீழ்வீட்டு அக்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒட்டினபிறகு சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாள். நடந்து வந்து, கண்ணை மூடின என்னிடமே “அம்மா, கண்ணைத் திற”ன்னு கெஞ்சுவாள். நாலு மணி வரை கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். இப்போது மூன்றாவது வாரம் நடக்கிறது. சண்டை குறைந்திருக்கிறது. தட்டில் இருப்பதை முகர்ந்து பார்க்காமல் எடுக்கிறாள்.

நேற்று பதினொரு மணிக்குப் பால்கனியில் அவளை மடியில் வைத்திருந்தேன். நல்ல கண்ணில் ஒட்டு, மேலே கண்ணாடி. தேன்சிட்டு வந்தது. சத்தம் போடாமல் வந்தது. நான் மூச்சுவிடவில்லை. விரல் நீட்டவில்லை. பூவைச் சுற்றிவிட்டு, கிராதியைத் தாண்டி விருட்டென்று போய்விட்டது. வாலு கிராதிப் பக்கம் திரும்பினாள். பிறகு, “இலை பறந்து போச்சும்மா” என்றாள்.

நான் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. திருத்தவில்லை.

இருபதாம் தேதி அந்தத் தாளைக் கொடுத்துவிட்டேன். காலி வரியில் ‘தந்தை, இடது கண்’ என்று எழுதினேன். டாக்டரம்மா படித்தார்கள், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நவம்பர் மூன்றாம் தேதி பெற்றோர் இரண்டு பேரும் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆபீசுக்கு அவர்களாக எதையும் அனுப்புவதில்லையாம். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லுங்கள். ஏதாவது மேஜை கொடுப்பார்கள், மேஜையில் உட்கார்ந்தவர்கள் யாரும் செத்துப்போகவில்லை. இடது பக்கம் பார்க்காத ஒருவரைக் கடல் நடுவில் பாறை மேல் நிற்க விட்டிருக்கிறேன் என்பதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில் எழுத வேண்டாம். நன்றாக எழுதுகிறீர்கள், அதுதான் பிரச்சினை. நாளைக்குப் படகு அங்கே ஒரு மணி நேரம் நிற்கும். ஒரு பையில் துணியைத் திணிக்க அது போதும். அதே படகில் ஏறினால் ஒரு மணிக்குக் கரை, மூன்று மணிக்குள் வீடு. ஏறவில்லை என்றால் அதையே உங்கள் பதிலாக எடுத்துக்கொள்வேன். அதற்கப்புறம் வியாழக்கிழமைகளை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

வந்தால், நாலு மணிக்கு முன்னால் வாருங்கள், ஒட்டு இருக்கும்போதே. வாசல் கதவு திறந்துதான் இருக்கும். அவள் கூடத்தில் கட்டைகளோடு இருப்பாள். “வாலு” என்று கூப்பிட்டுவிடாதீர்கள், குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள். செருமவும் வேண்டாம். வாசலில் வெளிச்சம் விழுகிற இடத்தில் பேசாமல் நில்லுங்கள். அவள் நிமிர்ந்து பார்க்க வேண்டும், யாரென்று தெரியாமல் முழிக்க வேண்டும், எழுந்து கிட்டே வர வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் நில்லுங்கள்.

நானும் உள்ளே இருந்து எதுவும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா